எண்ணும் எழுத்தும் கண்ட மருத்துவர்: சர் ரொனால்டு ராஸ்

முன்னுரை

மனித குலத்தின் நோய் தீர்க்க உழைத்த சான்றோர் வரிசையில் சர் ரொனால்டு ராஸ் அவர்களுக்குத் தனியிடம் உண்டு. மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பதை மெய்ப்பித்தவர் என்னும் அளவில் அவரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின் அக்கண்டுபிடிப்புக்குப் பின்னர் அவர் ஆற்றிய மற்றொரு பெரும்பணியைப் பலர் அறியார். கொசுவால் வரும் நோய் ஓர் ஊரில் எவ்வளவு பெருகும், எத்துணைத் தொலைவு பரவும், எப்போது தணியும் என்பவற்றைக் கணிதத்தால் அறிய முடியும் என உலகிற்கு முதன்முதலில் காட்டியவர் அவரே. இன்று டெங்கு, சிக்குன்குனியா முதலிய வைரசு நோய்களின் போக்கை ஆராயும் அறிஞர் அனைவரும் அவர் அமைத்த அடித்தளத்தின் மீதே நிற்கின்றனர். தமிழக எல்லையோரத்து ஆரம்பாக்கமும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியும் சூழ்ந்த நம் வட்டாரத்திற்கு அப்பெருமகனாரின் கணக்கு மிகவும் வேண்டப்படுவது. ஆதலின் அவர்தம் வாழ்வை அக்கணக்கோடு இணைத்து ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ராஸ் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் 1857 ஆம் ஆண்டு மே திங்கள் 13 ஆம் நாள் பிறந்தார். மீரத்தில் சிப்பாய்களின் பெருங்கிளர்ச்சி மூண்டு மூன்றே நாள்கள் ஆகியிருந்த வேளை அது. தந்தையார் ஆங்கிலேயப் படையில் உயர் அலுவலர். பத்துக் குழந்தைகளுள் மூத்தவரான ராஸ், எட்டாம் வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்று உறவினர் இல்லத்தில் வளர்ந்தார்.

இளமையில் அவர் உள்ளம் நாடியவை கவிதையும் இசையும் கணிதமுமே. மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இல்லை. தந்தையாரின் விருப்பத்திற்கு இணங்கியே 1874 இல் இலண்டன் புனித பர்த்தலோமியூ மருத்துவமனையில் கல்வி பயிலச் சேர்ந்தார். சிறிது காலம் கப்பல் மருத்துவராகப் பணி செய்தபின், 1881 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பிறந்த நாட்டிற்கே திரும்பினார்.

சென்னையும் பெங்களூரும்

அவர் முதலில் பணிபுரிந்தது சென்னை மாகாணத்திலாகும். பணிச்சுமை குறைந்த அந்நாள்களில் கணித நூல்களை வாங்கி, ஆசிரியர் துணையின்றித் தாமே கற்றார். கவிதைகளும் புதினங்களும் எழுதினார். மருத்துவ அலுவலர் ஒருவர் இவ்வாறு எண்ணிலும் எழுத்திலும் பொழுது போக்குவது உடன் பணியாற்றியோர்க்கு வியப்பாக இருந்திருக்கலாம். பின்னாளில் அவரை ஏனைய மருத்துவ அறிஞரினின்று வேறுபடுத்திக் காட்டியது அக்கல்வியேயாகும்.

1883 இல் பெங்களூரில் தங்கியிருந்தபோது அவர்தம் இல்லத்தில் கொசுத்தொல்லை மிகுதியாக இருந்தது. சன்னலுக்கு வெளியே இருந்த தொட்டி ஒன்றின் நீரில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் பெரிதும் குறைந்தன. ஏனைய தொட்டிகளின் நீரையும் அகற்றலாம் என்று அவர் சொன்னபோது படை அலுவலர் அதற்கு இசையவில்லை. கொசு நோய் பரப்புவது அப்போது அவருக்கே தெரியாது. எனினும் நீரைக் குறைத்தால் கொசு குறையும் என்னும் எளிய உண்மை அவர் மனத்தில் அன்றே பதிந்துவிட்டது.

செகந்திராபாத்தில் கண்ட உண்மை

மலேரியா நோயாளியின் குருதியில் நுண்கிருமி உண்டு என்பதை 1880 இல் அல்சீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் இலவரான் கண்டறிந்திருந்தார். அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு எவ்வாறு செல்கிறது என்பது மட்டும் விளங்காதிருந்தது. 1894 இல் விடுப்பில் இலண்டன் சென்ற ராஸ், பேட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவ அறிஞரைச் சந்தித்தார். யானைக்கால் நோய்ப் புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை முன்னரே சீனத்தில் கண்டிருந்த மேன்சன், மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கிருக்கலாம் என்னும் கருத்தை ராஸிடம் விதைத்தார்.

1895 இல் இந்தியா திரும்பிய ராஸ் செகந்திராபாத்தில் ஆய்வைத் தொடங்கினார். வெப்பமும் புழுக்கமும் மிக்க அறையில், வியர்வையால் திருகுகள் துருவேறிய நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்து ஆராய்ந்தார். இரண்டாண்டுகள் பயன் கிட்டவில்லை. 1897 இல் உதகையில் விடுப்பைக் கழித்தபோதும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நீலகிரியின் சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கிச் சென்று ஆராய்ந்து, அங்கே தாமே மலேரியாவுக்கு ஆளானார்.

அவ்வாண்டு ஆகஸ்டு திங்களில், இறகில் புள்ளிகள் கொண்ட ஒருவகைக் கொசுக்கள் அவருக்குக் கிடைத்தன. இன்று அனோபிலிஸ் எனப்படும் இனம் அது. உசேன் கான் என்னும் நோயாளி அக்கொசுக்கள் தம்மைக் கடிக்க இசைந்தார். குருதியுண்ட கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆகஸ்டு 20 ஆம் நாள், அக்கொசுக்களுள் ஒன்றன் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களை ராஸ் கண்டார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வது அன்று தெளிவாயிற்று. அந்நாள் இன்று உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

கொல்கத்தாவில் நிறைவுற்ற ஆய்வு

வெற்றியின் வாயிலில் நின்ற வேளையில் அரசு அவரை இராசபுதனத்தின் கெர்வாராவுக்கு மாற்றியது. மலேரியா மிகுதியாக இல்லாத அவ்விடத்தில் மாதங்கள் வீணாயின. 1898 இல் கொல்கத்தாவில் மீண்டும் ஆய்வு செய்ய வாய்ப்புக் கிட்டியது. ஆயின் பிளேக் அச்சத்தால் மக்கள் தம் குருதியைத் தர மறுத்தனர். ஆதலின் ராஸ் பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி வந்து சேர்வதையும், அக்கொசு கடித்தவழி நோயற்ற பறவைக்கு நோய் பற்றுவதையும் அவ்வாண்டு சூலைத் திங்களில் மெய்ப்பித்தார். கொசுக்களைத் தேடிப் பிடித்து வளர்ப்பதில் முகம்மது பக்ஸ் என்பார் அவருக்கு உறுதுணையாக நின்றார். உலகறிந்த கண்டுபிடிப்புகளின் பின்னே உசேன் கானும் முகம்மது பக்ஸும் போன்ற எளியோரின் பங்கு இருப்பதை நாம் மறத்தலாகாது.

மனிதரின் மலேரியாவை அனோபிலிஸ் கொசுவே பரப்புகிறது என்பதை இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர்தம் குழுவினரும் 1898 இல் நிறுவினர். முதன்மை யாருக்கு என்பது பற்றி ராஸுக்கும் கிராசிக்கும் எழுந்த பூசல் நெடுங்காலம் நீடித்தது. ராஸ் எளிதில் சினங்கொள்பவர். தம் உரிமையைச் சிறிதும் விட்டுக்கொடாதவர். 1902 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு மட்டும் வழங்கப்பெற்றது. இந்திய மண்ணில் பிறந்தவருள் அப்பரிசை முதலில் பெற்றவர் அவரே.

மியான் மீரும் இசுமாயிலியாவும்

நோயைப் பரப்புவது கொசு எனத் தெரிந்தபின் கொசுவைக் குறைப்பதே வழி என ராஸ் முழங்கினார். 1899 இல் இந்தியப் பணியினின்று விலகி, இலிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். ஆயின் இந்தியாவிலேயே அவர் கருத்துக்குப் பெருந்தடை எழுந்தது. இலாகூரை அடுத்த மியான் மீர் படைக்குடியிருப்பில் 1901 ஆம் ஆண்டையொட்டிக் கொசு ஒழிப்புச் சோதனை தொடங்கியது. வாய்க்கால்களும் குட்டைகளும் செப்பனிடப்பட்டும் கொசுவும் காய்ச்சலும் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. கொசு ஒழிப்பு பயனற்றது என்னும் எண்ணம் அலுவலரிடையே வேரூன்றியது.

அதே காலத்தில் எகிப்தில் சூயசுக் கால்வாய்க் கரையிலுள்ள இசுமாயிலியா நகரில் ராஸின் அறிவுரைப்படி பணிகள் நடந்தன. 1902 இல் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 1903 இல் இருநூற்றை ஒட்டியும் 1904 இல் நூற்றுக்குக் கீழும் இறங்கியது. ஒரே முறை ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்றது ஏன்? இலட்சக்கணக்கான மக்களின் உயிர் இவ்வினாவைப் பற்றி நின்றது. விடை காண ராஸ் தாம் சென்னையில் கற்ற கணிதத்தை நாடினார்.

எவ்வளவு தூரம்?

1904 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் கூடிய அறிஞர் மாநாட்டில் ராஸ் இதனை எடுத்துரைத்தார். ஓரிடத்தில் பிறந்த கொசு நேர்கோட்டில் பறந்து செல்வதில்லை. இரை தேடியும் நீர் தேடியும் முன்னும் பின்னும் அலைகிறது. இவ்வாறு நோக்கின்றி அலையும் ஒன்று நூறு முறை இடம்பெயர்ந்தாலும், சராசரியாகப் பத்து முறை பெயரும் தொலைவே பிறந்த இடத்தினின்று விலகியிருக்கும். ஆகவே பெரும்பாலான கொசுக்கள் பிறந்த இடத்தின் அருகிலேயே வாழ்ந்து மடிகின்றன.

அடுத்து அவர் கண்டது இன்னும் நுட்பமானது. ஒரு பரப்பில் கொசு பிறப்பதை முற்றிலும் நிறுத்திவிட்டோம் எனக் கொள்வோம். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு ஒரு பக்கத்திலிருந்து கொசு வாராது, மறுபக்கத்திலிருந்து வரும். ஆதலின் எல்லையில் கொசுக்களின் செறிவு பழைய அளவில் பாதியாக இருக்கும். உள்ளே செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். பரப்பு சிறியதாயின் அதன் நடுவிடத்திற்கும் வெளிக்கொசு வந்து சேரும். துப்புரவு செய்த இடம் போதிய அகலமுடையதாயின் மட்டுமே நடுவில் வாழ்வோர் நற்பயன் பெறுவர். மியான் மீரில் எடுத்துக்கொண்ட பரப்பு போதாது என ராஸ் வாதிட்டது இக்கணக்கின் வலிமையாலேயே.

புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் இச்சிக்கலைப் பொதுவாக்கி, 1905 இல் அறிவியல் இதழ் ஒன்றில் கணித வினாவாக எழுப்பினார். தற்போக்கு நடை என்று இன்று இயற்பியலிலும் பொருளியலிலும் பேசப்படும் கணிதக் கருத்து அப்பெயரை அவ்வினாவிலேயே பெற்றது. கொசுவின் சிறகினின்று இத்தகைய கணிதம் வளர்ந்தது எண்ணி வியத்தற்குரியது.

எத்தனை?

1907 இன் இறுதியில் ராஸ் மொரீசியசுத் தீவுக்கு அழைக்கப்பெற்றார். தமிழரும் பிற இந்தியரும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று கரும்புத் தோட்டங்களில் உழைத்த தீவு அது. 1860களில் அங்குப் புகுந்த மலேரியா ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டிருந்தது. ராஸ் சிறுவர்களின் மண்ணீரல் வீக்கத்தைச் சோதித்து நோயின் அளவைக் கணித்தார். அவர் அளித்த அறிக்கையில்தான் நோய்ப்பரவலின் கணித வடிவம் முதன்முதலில் இடம்பெற்றது. அதனை எளிமையாக்கிக் காண்போம்.

ஆயிரம் பேர் வாழும் ஊரில் நோயாளி ஒருவரே இருக்கிறார் என்க. ஒரு மாதத்தில் அவ்வூரில் 48,000 அனோபிலிஸ் கொசுக்கள் உள்ளன என்க. நான்கில் ஒன்றே மனிதரைக் கடிக்கும் எனின் கடித்தவை 12,000. ஆயிரவருள் ஒருவரே நோயாளியாதலின் அவரைக் கடித்தவை 12. கிருமி கொசுவினுள் முதிர ஏறத்தாழப் பத்து நாள் வேண்டும். மூன்றில் ஒன்றே அத்தனை நாள் வாழும் எனின் எஞ்சுபவை 4. அவற்றுள்ளும் நான்கில் ஒன்றே மீண்டும் மனிதரைக் கடிக்கும் எனின் 1. ஆக, 48,000 கொசுக்கள் சேர்ந்து ஒரு புதிய நோயாளியையே உண்டாக்குகின்றன. பழைய நோயாளி குணமடையும் காலத்துள் அவரிடமிருந்து ஒருவருக்கு மேல் நோய் சென்றால் அது பெருகும். ஒருவருக்குக் குறைவாகச் சென்றால் தேயும்.

இதனின்று கிடைத்த முடிவு மருத்துவ உலகைத் திருப்பியது. கொசு அனைத்தையும் கொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு இத்தனை கொசு என்னும் வரம்பு எண் ஒன்று உண்டு. அதற்குக் கீழே கொண்டுவந்தால் போதும், நோய் தானே அற்றுப்போகும். அவ்வரம்பை ராஸ் ஆளுக்கு மாதம் ஏறத்தாழ நாற்பது அனோபிலிஸ் எனக் கணக்கிட்டார். கொசுவை முற்றிலும் ஒழிக்க இயலாது, எனவே முயல்வதே வீண் என்போர்க்கு இக்கணக்கு தக்க விடையாயிற்று.

எப்போது?

மலேரியாத் தடுப்பு பற்றி 1910 இல் தாம் வெளியிட்ட பெருநூலிலும் அதன் 1911 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இக்கணக்கை ராஸ் வகைக்கெழுச் சமன்பாடுகளாக விரித்தார். கொசு குறைந்தவுடன் நோய் மறைந்துவிடாது, மாதந்தோறும் சிறிது சிறிதாகவே தேயும் என்பதை அவர் கணக்கு காட்டியது. இடைநடுவில் முயற்சியைக் கைவிட்டால் கொசு மீண்டும் வரம்பைத் தாண்டும், நோயும் மீளும். 1916, 1917 ஆம் ஆண்டுகளில் ஹில்டா ஹட்சன் என்னும் கணித அறிஞரின் துணையோடு எந்நோய்க்கும் பொருந்தும் பொதுக்கொள்கையை வகுத்தார். நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பினும் கொள்ளைநோய்களின் பொதுவிதிகளை நிறுவியதே தம் தலையாய பணி என அவர் கருதினார்.

அவரோடு 1901 இல் சியரா லியோன் சென்ற மெக்கென்ட்ரிக், பின்னர் கெர்மாக் என்பாரோடு சேர்ந்து 1927 இல் வெளியிட்ட கொள்ளைநோய்க் கோட்பாடு இன்றளவும் பாடநூலாக விளங்குகிறது. 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்டு, ராஸின் சமன்பாடுகளைச் செப்பஞ்செய்து, கொசுவின் வாழ்நாளைக் குறைப்பதே மிகுபயன் தரும் எனக் காட்டினார்.

வரம்பைக் கடந்தும் விழிப்பு வேண்டும் என்பதற்கு அண்டைநாடான இலங்கையே சான்று. 1963 இல் அங்கு மலேரியா நோயாளிகள் 17 பேரே. தடுப்புப் பணி தளர்ந்தது. 1969 இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. பல்லாண்டு முயற்சிக்குப் பின்னர் 2016 இல்தான் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

இறுதிக் காலம்

1911 இல் சர் பட்டம் பெற்ற ராஸின் பிற்கால வாழ்வு இன்பமாக அமையவில்லை. முதல் உலகப்போரின் தொடக்கத்திலேயே, 1914 ஆகஸ்டில், மூத்த மகனைப் போர்க்களத்தில் இழந்தார். கண்டுபிடிப்புக்காக அரசு கைம்மாறு அளிக்க வேண்டும் என்று அவர் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. முதுமையில் பொருள் முடையால் தம் ஆய்வுத்தாள்களை 1928 இல் விலைக்கு விற்றார். 1926 இல் இலண்டனில் அவர் பெயரால் நிறுவப்பெற்ற மருத்துவ நிலையத்திலேயே 1932 செப்டம்பர் 16 ஆம் நாள் இயற்கை எய்தினார்.

ஆரம்பாக்கத்தில் அவர் கணக்கு

ராஸ் ஆராய்ந்தது மலேரியாவை. இன்று நம் பகுதி மக்களை மழைக்காலந்தோறும் அஞ்சவைப்பது ஏடிஸ் கொசு பரப்பும் டெங்குவாகும். தமிழ்நாட்டிற்கு இத்தகைய வைரசு நோய்கள் புதியன அல்ல. வயல்நீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் சப்பானிய மூளைக்காய்ச்சல், இந்தியாவில் மனிதரிடையே முதலில் அறியப்பட்டது 1955 இல் வேலூர்ப் பகுதியிலாகும். சிக்குன்குனியா 1964 இல் சென்னையைத் தாக்கியது. நெடுங்காலம் மறைந்திருந்து 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் மீண்டது. இவற்றை ஆராயப் புதுச்சேரியில் 1975 இலும் மதுரையில் 1985 இலும் ஆய்வு மையங்கள் தோன்றின.

வைரசு நோய்க்கு ராஸின் கணக்கைப் பொருத்தும்போது சில மாற்றங்கள் வேண்டும். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒருவகையால் தாக்குண்டவர் அவ்வகைக்கு மட்டுமே நிலையான எதிர்ப்பாற்றல் பெறுவார். வெப்பம் மிகும்போது வைரசு கொசுவினுள் விரைவில் முதிர்கிறது. ஏடிஸ் முட்டை நீரின்றி மாதக்கணக்கில் உலர்ந்திருந்து மழைபட்டதும் பொரிக்கும். ஆகவே வெப்பமும் மழையும் சமன்பாட்டில் இடம்பெறுகின்றன. ஏடிஸ் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் வாழ்நாளைக் கழிக்கிறது. ஊர்விட்டு ஊர் நோயைச் சுமந்து செல்பவர் மனிதரே. எனவே கொசுவின் அலைவோடு மக்களின் பயணமும் கணக்கில் சேர்கிறது.

இவையனைத்தும் ஆரம்பாக்கத்தில் ஒருங்கே காணத்தக்கவை. சென்னை கொல்கத்தா நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் ஊரைத் தொட்டுச் செல்கின்றன. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகள். வடக்கே ஆந்திர எல்லையும் தடாவும். பல மாநிலத் தொழிலாளர் வந்து வாழ்கின்றனர். கிழக்கே பரந்துள்ள பழவேற்காடு ஏரியைக் கண்டு, கொசு அங்கிருந்தே வருகிறது என எண்ணுவோர் உளர். ஆயின் டெங்குக் கொசு ஏரியில் பிறப்பதில்லை. வீட்டுப் பீப்பாயிலும், சிமெண்டுத் தொட்டியிலும், சாலையோரம் கிடக்கும் பழைய டயரிலும் தேங்கிய தெளிந்த நீரிலேயே பிறக்கிறது.

நூறு வீடுகளில் எத்தனை வீடுகளில் கொசுப்புழு உள்ளது என நலவாழ்வுப் பணியாளர் எண்ணிக் குறிப்பது ராஸின் முதல் வினாவுக்கு விடை தேடுவதேயாகும். ஒரு தெரு மட்டும் தூய்மையானால் போதாது என்பது அவர்தம் எல்லைக் கணக்கு. மாநில எல்லைக்கோடு கொசுவுக்குத் தெரியாது. ஆரம்பாக்கம் முயன்று தடா முயலாவிடின், எல்லையில் வாழ்வோர்க்குப் பாதிப் பயனே கிட்டும். ஊரும் ஆலையும் அண்டை மாநிலமும் ஒரே வேளையில் முயல வேண்டும். அம்முயற்சி வடகிழக்குப் பருவமழை பெருகிய பின்னர் தொடங்குவதாயின் காலங்கடந்ததாகும். வெயில் காயும்போதே பீப்பாய்களைத் தேய்த்துக் கழுவி, ஒட்டியிருக்கும் முட்டைகளை அகற்றுதல் வேண்டும்.

முடிவுரை

பெங்களூரில் ஒரு தொட்டியைக் கவிழ்த்த இளம் மருத்துவர், எத்தனை தொட்டிகளைக் கவிழ்த்தால் ஓர் ஊர் பிழைக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டார். கவிதை உள்ளமும் கணித அறிவும் ஒருவரிடம் கூடியமையால் உலகு பெற்ற பயன் இது. இலக்கியம் பயிலும் மாணவர் கணிதம் நமக்கு எதற்கு என ஒதுங்குவதும், அறிவியல் பயில்வோர் மொழியைப் புறக்கணிப்பதும் தகாது என்பதை ராஸின் வாழ்வு உணர்த்துகிறது. நம் மாணவச் செல்வங்கள் விடுமுறையில் தத்தம் தெருவில் வீடுவீடாகச் சென்று, எத்தனை கலங்களில் புழு உள்ளது என எண்ணிப் பட்டியலிட்டு ஊராட்சிக்கு அளிப்பாராயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக்கடனாகும்.